அவர் என்னிடம் மட்டும் சொன்னார், இனி நான் என்ன செய்ய?

கேள்வி: அன்புள்ள அக்கா, இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கான ஒரு முகாமில் தண்ணீர், கழிப்பறை வேலைகளைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். வயது 26. ஒரு நாள் காலை குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். முந்தைய இரவு கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒருவன் தன்னை வன்புணர்வு செய்துவிட்டான் என்று சொல்லி அழுதார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் தனியாக அனுப்பிய பதிலில் இருந்ததை மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். போனாரா இல்லையா தெரியாது. மனசு கேட்காமல், பெயரைச் சொல்லாமல், எங்கள் மேற்பார்வையாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் அவர். நான் சும்மா இருப்பதும் குற்றம்தானே? நேற்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கேன் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்தேன், வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் என்ன தப்பு செய்தேன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

தம்பி, உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அந்தப் பெண் கேட்காமல் புகார் கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளரையும் கொடுக்க விடாதீர்கள். இன்றைக்கே போய்ப் பேசுங்கள். உங்கள் அமைப்பின் விதியோ அந்த நாட்டுச் சட்டமோ கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் (அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்). அப்படி ஒன்றும் இல்லையென்றால் போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருக்கிறது. நல்ல எண்ணத்தில் கொடுத்த புகார் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவள் நான். வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் வீட்டாருக்குத் தெரியும், செய்தவனுக்கும் தெரியும். அப்புறம் எல்லோரும் ஒரே முகாமில், ஒரே குழாயில், ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். நமக்கு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி வந்துவிடும், அவருக்கு அந்தக் கூடாரத்தை விட்டால் போக இடமில்லை.

அவருடைய விருப்பம் இல்லாமல் ஒருவன் அவர் உடம்பை எடுத்துக்கொண்டான். அடுத்ததாக அவர் விருப்பம் இல்லாமல் நாம் அவர் கதையை எடுத்துக்கொண்டால், நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அவருக்கு மறுபடியும் அதே அனுபவம்தான். எதை, எப்போது, யாரிடம் சொல்வது, எந்த உதவியை வாங்கிக்கொள்வது என்கிற சின்னச் சின்ன முடிவுகளை அவரே எடுப்பதில்தான் பறிபோன பிடி கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குத் திரும்பும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் எங்கள் துறையில் பாதுகாப்பு, ரகசியம், மரியாதை, பாகுபாடு பார்க்காமை என்று நான்கு அடிப்படைக் கொள்கைகள் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அந்த நான்கை மீறியவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லோருமே உதவத் துடித்தவர்கள்.

சரி, சும்மா இருக்கிறோமோ என்ற உங்கள் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். நீங்கள் சும்மா இல்லை. அவர் சொன்னதைக் கேட்டீர்கள், நம்பினீர்கள், எங்கே போகலாம் என்று சொன்னீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, மனநல மருத்துவர் அல்லாத ஒருவர் செய்ய வேண்டியதை மூன்று சொல்லில் சொல்கிறது: பார், கேள், சேர்த்துவிடு. அந்த மூன்றையும் செய்துவிட்டீர்கள். நான்காவதாக ஒன்று உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை, அதைத் தேடித்தான் மேற்பார்வையாளரிடம் போயிருக்கிறீர்கள்.

உங்கள் முதல் கடிதத்துக்கு நான் ஏன் அவசரமாகத் தனிப் பதில் போட்டேன் என்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். பாலியல் வன்முறைக்குப் பிறகு சில மருந்துகளுக்குக் கெடு இருக்கிறது. ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணி நேரம், அதாவது 5 நாள். அதுவும் முந்தினால்தான் பலன் அதிகம். பால்வினை நோய்களுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி எல்லாம் உண்டு. அவர் உங்களிடம் சொன்னது மறுநாள் காலையிலேயே, அதனால் எல்லாக் கதவும் அப்போது திறந்திருந்தது. இதை மட்டும் அவர் காதில் போட்டுவிடுங்கள், முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள் என்றுதான் எழுதினேன்.

அந்த 5 நாளும் கடந்துவிட்டால் இனிப் போய்ப் பயனில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காயத்துக்கு, தொற்றுக்கு, கர்ப்பம் பற்றிய கவலைக்கு, தூக்கம் இல்லாமல் தவிப்பதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், வருடங்கள் கழித்தும் போகலாம். பல பெண்கள் போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் பரிசோதனை பற்றிய பயம். எந்தப் பரிசோதனையையும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னாலும் மருந்து கேட்டு வாங்கலாம். கன்னித்தன்மைச் சோதனை என்று யாராவது ஆரம்பித்தால், அதற்கு அறிவியல் அடிப்படையே கிடையாது. அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மற்ற அமைப்புகளும் 2018இல் சேர்ந்தே சொல்லிவிட்டன. பின்னால் வழக்குப் போட நினைப்பவர் அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வைத்திருந்தால் உதவும். ஆனால் குளித்துவிட்டேனே, துவைத்துவிட்டேனே என்று வருபவரிடம் அடடா என்று ஒரு முகத்தைக் காட்டிவிடாதீர்கள். அவர் செய்தது இயல்பான காரியம்.

"யோசிக்கிறேன்" என்று அவர் சொன்னதில் உங்களுக்கு ஏமாற்றம் தெரிகிறது. அதற்குப் பின்னால் எத்தனை கணக்கு ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிளினிக் வாசலில் யார் பார்ப்பார்கள், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது, அங்கே மொழிபெயர்ப்பவர் தன் ஊர்க்காரராக இருந்தால் என்ன ஆகும், வீட்டுக்காரர் ஏன் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது. அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். போனாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு இல்லை, இதை எழுதும்போது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அடுத்து என்ன ஆனது என்று தெரியாமலே போன பெண்கள் என் நினைவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் செய்த தப்பு. "பெயரைச் சொல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். முகாமில் பெயர் ஒரு விஷயமே இல்லை. குழாயடியில் தினமும் கடைசியாக நிற்பவர், இரண்டு பிள்ளைகள் உள்ளவர், போன வாரம் இரவில் கழிப்பறைப் பக்கம் போனவர், இதில் ஏதாவது இரண்டு போதும், அந்த வரிசைக் கூடாரத்தில் இருக்கிற யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் மேற்பார்வையாளர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இன்னொருவரிடம் "பெயரைச் சொல்லாமல்" சொன்னால்? அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால்? அவரிடம் போய், இது அந்தப் பெண்ணின் அனுமதி இல்லாமல் நான் சொன்னது, என் தப்பு, இதோடு நிற்கட்டும், எங்கேயும் எழுதிவைக்காதீர்கள், கூடாரம் கூடாரமாகப் போய் விசாரிக்காதீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. உங்களுக்கு ஆலோசனை தேவைப்பட்டால் ஆளைப் பற்றிப் பேசாமல் நடைமுறையை மட்டும் கேட்கலாம்: "இப்படி யாராவது என்னிடம் வந்து சொன்னால் நான் எங்கே அனுப்ப வேண்டும்?" இந்தக் கேள்வியில் எந்தப் பெண்ணும் இல்லை.

நானும் இதே தப்பை வேறு விதத்தில் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பெண் தொடர்ந்து இரண்டு முறை சந்திக்க வரவில்லை என்று பதறி, அமைப்பின் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கூடார வாசலில் போய் இறங்கினேன். வண்டியின் பக்கவாட்டில் எங்கள் அமைப்பின் சின்னம், நாங்கள் எதற்காக வருகிறவர்கள் என்று அந்த முகாமில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் வெளியே வந்தார், என் முகத்தைப் பார்த்தார், ஆள் தெரியாதது மாதிரி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவே இல்லை. நான் அந்த வண்டியில் ஏறியது அவருக்காகவா, என் பதற்றம் அடங்குவதற்காகவா என்று பல நாள் யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

கேட்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். நீங்கள் அன்று என்ன பேசினீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். "ஏன்" என்று ஆரம்பிக்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். ஏன் அந்த நேரத்தில் போனீர்கள், ஏன் தனியாகப் போனீர்கள், ஏன் கத்தவில்லை. நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்பீர்கள், அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும். கத்தாததற்குப் பதில் உடம்பிலேயே இருக்கிறது. பெரும் பயத்தில் பலருக்கு உடம்பு மரக்கட்டை மாதிரி உறைந்துவிடும், குரல் எழும்பாது, கை நகராது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் உலகத்தில்தான் அந்தப் பெண்கள் பிறகு வாழ வேண்டியிருக்கிறது. யார் செய்தது, எப்படி, எங்கே தொட்டான் என்கிற விவரம் உங்களுக்குத் தேவையே இல்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நடந்ததை உடனே உட்காரவைத்து முழுசாகச் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. "அழாதீர்கள்", "நடந்தது நடந்துபோச்சு, மறந்துவிடுங்கள்", "உயிரோடு இருக்கிறீர்களே, அதுவே பெரிசு" இந்த மூன்றும் ஆறுதல் மாதிரி தெரியும், மூன்றுமே வாயை மூடு என்றுதான் சொல்கின்றன. அதற்குப் பதிலாக, "இது உங்கள் தப்பு இல்லை", "சொன்னது நல்லது", "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" போதும். நீங்கள் ஆண் என்பதால் இதையும் ஒரு தடவை கேட்கலாம்: "ஒரு பெண்ணிடம் பேசினால் சுலபமாக இருக்குமா?" எங்கே போனாலும் அவருக்குத் துணையாக வர விரும்பும் ஆள் யார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, "கற்பழிப்பு". இன்னும் செய்திகளில் வருகிறது, நம் வாயிலும் வந்துவிடுகிறது. அந்தச் சொல் ஒரு ஆண் செய்த குற்றத்தை ஒரு பெண் இழந்துவிட்ட ஒன்றாக மாற்றிவிடுகிறது. அவர் எதையும் இழக்கவில்லை, அவர் மேல் குற்றம் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் கடிதத்தில் வன்புணர்வு என்றே எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் அந்தப் பெண் ஏன் உங்களிடம் வந்து சொன்னார் என்று கொஞ்சம் புரிந்தது.

கட்டாயமாகத் தெரிவிப்பது பற்றி. சில நாடுகளில் மருத்துவர் இப்படிப்பட்ட காயத்தைப் பார்த்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் இடத்தில் எப்படி என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிளினிக்கில் போய் நின்ற பிறகு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை, போவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், செய்தவன் நிவாரணப் பணியாளனாக இருந்தால் கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்க முகாம்களில் உதவிப் பொருளைக் காட்டியே பணியாளர்கள் பெண்களையும் சிறுமிகளையும் சுரண்டினார்கள் என்று 2002இல் வெளிவந்த அறிக்கை நிவாரணத் துறையையே உலுக்கியது. அதற்குப் பிறகு வந்த விதிகளின்படி பணத்துக்கோ வேலைக்கோ பொருளுக்கோ பாலுறவு கேட்பது தடை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு பாலுறவு அந்த ஊர்ச் சட்டம் என்ன சொன்னாலும் தடை. சக ஊழியர் மேல் சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிப்பது நம் கடமை. செய்தவன் யாரென்று அந்தப் பெண் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். நாளைக்கு அவரோ வேறு யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தால் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தி, "அது எங்கள் ஆட்களில் ஒருவர் என்றால் நான் மேலே தெரிவித்தாக வேண்டியிருக்கும், தெரிந்துகொண்டு சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிவிப்பதும் அதற்கென்று இருக்கும் ரகசிய வழியில்தான், மேற்பார்வையாளரின் மேஜையில் இல்லை.

பாதிக்கப்பட்டது குழந்தையாக இருந்தால் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் குழந்தைகள் பாதுகாப்பு ஆட்களிடம் சேர்க்க வேண்டும், அதற்கு விதிகளே தனி. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்தால் இருவரையும் உட்காரவைத்துப் பேசிச் சமாதானம் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அன்று இரவு அவர் அதே கூடாரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஆண்களுக்கும் பையன்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் சொல்வது இன்னும் அபூர்வம், அவர்களுக்கும் மேலே சொன்ன மருந்தும் மரியாதையும் உண்டு.

இன்னொரு விஷயம், உங்கள் கையிலேயே இருப்பது. ஐ.நா. அமைப்புகளும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 2015இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த நெருக்கடியிலும் இந்த வன்முறை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பிக்கச் சொல்கிறது. ஆதாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், எண்ணிக்கை கேட்க வேண்டாம், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போகவும் வேண்டாம். அதனால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே உங்கள் குழுக் கூட்டத்தில் கழிப்பறைகளைப் பற்றிப் பேசலாம். எத்தனை கதவுகளில் உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறது? பாதையில் வெளிச்சம் இருக்கிறதா? நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின் 2018 பதிப்பு, 20 பேருக்குக் குறைந்தது ஒரு கழிப்பறை, கூடாரத்திலிருந்து 50 மீட்டருக்குள், பொதுக் கழிப்பறை என்றால் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்று சொல்கிறது. தண்ணீர்க் குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கவைக்கக் கூடாது. உங்கள் முகாமில் இவை எங்கே இருக்கின்றன என்று நீங்கள்தான் அளக்க முடியும். அளந்த பிறகு ஒரு பெண் ஊழியரை விட்டுப் பெண்களைக் கூட்டமாகக் கேட்கச் சொல்லுங்கள், தனித்தனியாக வேண்டாம், இருட்டிய பிறகு எந்த வழியில் போகப் பயமாக இருக்கிறது என்று மட்டும். விளக்குப் போடும் இடத்தையும் அவர்களே சொல்லட்டும். நாமே ஒரு இடத்தைத் தீர்மானித்து விளக்கு நட்டு, கடைசியில் ஆண்கள் கூடி உட்காரும் இடமாக அது மாறியதையும் பார்த்திருக்கிறேன்.

தூக்கம் வருகிறதா உங்களுக்கு? அதையும் கேட்க வேண்டும். ஒருவருடைய வலியைக் கேட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது உடம்பில் தெரியும். உங்கள் அமைப்பில் ஊழியர்களுக்கான கவுன்சலிங் இருந்தால் போய்ப் பேசுங்கள், அந்தப் பெண்ணைப் பற்றி இல்லாமல் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி. இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.

கடைசியாக அந்தக் கேன். அன்பினால்தான் கொடுத்தீர்கள், தெரியும். வரிசையில் இருந்த மற்றவர்கள் என்ன பார்த்தார்கள்? தண்ணீர் கொடுக்கும் ஆண் ஒரு பெண்ணுக்கு மட்டும் அதிகம் கொடுக்கிறான். எதற்காக என்று இரண்டு பேர் கேட்டால் போதும், அவர் மறைத்து வைத்திருப்பது வெளியே வர. அதோடு, ஒரு ஆணிடமிருந்து காரணம் சொல்லாமல் வரும் பரிசு அவருக்கு இப்போது எப்படித் தெரியும் என்றும் யோசியுங்கள். அவர் முகத்தைத் திருப்பியது கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு வழியாகத்தான் தெரிகிறது. பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம், கண்ணால் விசாரிக்கவும் வேண்டாம். நாளைக் காலை அவர் வரிசையில் வரும்போது முன்னால் நின்றவருக்கு எவ்வளவு ஊற்றினீர்களோ அதே அளவு அவருக்கும் ஊற்றுங்கள், எல்லோரிடமும் சொல்லும் அதே வணக்கத்தைச் சொல்லுங்கள். மறுபடியும் எப்போதாவது கூட்டம் கலைந்த பிறகு அவர் நின்றால், அப்போது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.